உவரிக் கரையில் கணினி: இயங்குதளங்கள் மாறிய வரலாறு

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே, திசையன்விளைக்கு அருகில், மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் அமைந்த உவரி, புனித அந்தோணியார் திருத்தலத்தாலும், கப்பல் வடிவில் எழுப்பப்பட்ட கப்பல் மாதா ஆலயத்தாலும், சுயம்புலிங்க சுவாமி கோயிலாலும் தமிழகம் முழுவதும் அறியப்பட்ட ஊர். ‘ஆழி சூழ் உலகு’ நாவலை 2004இல் வெளியிட்ட ஜோ டி குருஸ் பிறந்ததும் இவ்வூரில்தான். கட்டுமரத்திலிருந்து வல்லத்துக்கும், வல்லத்திலிருந்து அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுக்கும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் மாறிய இக்கரையின் மீனவர்களுக்கு, கலம் மாறும்போது அதைக் கையாளும் பழக்கமும் கூடவே மாற வேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே கரையில் கணினி நுழைந்து, அதன் இயங்குதளம் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறிய கடந்த முப்பது ஆண்டுகளில், அந்தக் கவனம் பெரும்பாலும் காட்டப்படவில்லை. மாற்றத்தை முடிவு செய்தவர்கள் இயந்திரத்தைக் கொடுத்தார்களே தவிர, அதனுடன் வர வேண்டிய பழக்கங்களைக் கொடுக்கவில்லை; தென்தமிழகக் கடற்கரையில் கணினிப் பாதுகாப்பு கடந்துவந்த பாதை பெருமளவுக்கு இந்தக் குறையின் வரலாறாகவே இருக்கிறது.

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் பயனர் திறந்து வேலை செய்யும் செயலிகளுக்கும் நடுவே நின்று, நினைவகம், வட்டு, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகியவற்றை அவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் தமிழகச் சிற்றூர்களில் அது பெரும்பாலும் எம்.எஸ்.டாஸ் ஆக இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட்டே அதனோடு பேச வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளியான பிறகு, அதுவரை தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்பித்துவந்த பயிலகங்கள் பல, பெயர்ப்பலகையில் கம்ப்யூட்டர் சென்டர் என்ற சொற்களையும் சேர்த்துக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பலகையில் விரல் பழகியவர்களே இப்பயிலகங்களிலிருந்து கணினிக்கு வந்த முதல் தலைமுறை. அந்த விரல் பழக்கம் பின்னாளில் இயங்குதள மாற்றத்துக்கு எத்தகைய தடையாயிற்று என்பது இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி.

2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, உலகின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் வீடு, அலுவலகம், பிரவுசிங் சென்டர், டி.டி.பி. கடை என எல்லா இடங்களையும் பிடித்துக்கொண்டது. உரிமம் வாங்காமல் படியெடுத்த குறுவட்டிலிருந்து நிறுவுவதே அன்று பரவலான வழக்கம். அப்படி நிறுவிய கணினிகளில் பிழைதிருத்தங்களைத் தரும் புதுப்பிப்பை நிறுத்திவைப்பதும் வழக்கமாயிற்று, ஏனெனில் புதுப்பித்தால் உரிமமின்மை தெரிந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. எக்ஸ்பியை நிறுவும்போது உருவாக்கப்படும் பயனர் கணக்கு, இயல்பாகவே நிர்வாகி அதிகாரம் கொண்டது. நிர்வாகி என்பவர் கணினியின் எந்தக் கோப்பையும் மாற்றவும் அழிக்கவும் எந்த மென்பொருளையும் நிறுவவும் உரிமை பெற்றவர். அக்கணக்கில் அமர்ந்து கடிதம் தட்டச்சிடுபவரின் கணினியில் ஒரு தீநிரல் புகுந்தால், அந்நிரலுக்கும் அதே முழு அதிகாரம் கிடைத்துவிடும். யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களோ இதற்கு மாறாக, அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கையும் பராமரிப்புக்கு ‘ரூட்’ எனப்படும் தனி அதிகாரத்தையும் தொடக்கத்திலிருந்தே பிரித்துவைத்தவை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவும், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தின் மென்பொருள்களும் சேர்ந்து உருவான இயங்குதளங்கள் இந்த மரபின் வாரிசுகள்.

சிற்றூர்க் கணினிகளுக்கு அன்று நோய் பரப்பியது இணையத்தைவிடப் பென்டிரைவ்தான். செருகியவுடன் அதிலுள்ள நிரலைத் தானாக இயக்கிவிடும் ‘ஆட்டோரன்’ என்னும் வசதி விண்டோஸில் திறந்தே கிடந்ததால், கல்லூரிக் கணினி அறையிலிருந்து டி.டி.பி. கடைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் தீநிரல்கள் எளிதாகப் பயணம் செய்தன. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் கணினிப் புழு பரவிய வழிகளுள் இதுவும் ஒன்று. அப்புழு வலையமைப்பு வழியே நுழையப் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. புதுப்பிப்பை நிறுத்திவைத்திருந்த கணினிகளை அத்திருத்தம் எட்டவில்லை. எக்ஸ்பியில் பென்டிரைவுக்கான ஆட்டோரன் வசதியைத் தானியங்கிப் புதுப்பிப்பு வழியே முடக்கும் ஏற்பாடு 2011 பிப்ரவரியில்தான் வந்தது.

இந்தப் பென்டிரைவ் தொல்லையே பலரை முதன்முதலாக லினக்ஸின் அருகில் கொண்டுவந்தது. தீநிரல் தாக்கிய பென்டிரைவில் கோப்புறைகள் மறைக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் அதே பெயருடைய குறுக்குவழிச் சின்னங்கள் நிற்கும். அச்சின்னத்தைச் சொடுக்கினால் தீநிரல் மீண்டும் இயங்கும். கணினியில் எதையும் நிறுவாமல் குறுவட்டிலிருந்தே இயங்கக்கூடிய ‘லைவ் சிடி’ லினக்ஸ் ஒன்றில் அதே பென்டிரைவைச் செருகினால், விண்டோஸுக்கென எழுதப்பட்ட அந்தத் தீநிரல் அங்கே வெறும் கோப்பாகச் செயலற்றுக் கிடக்கும். மறைக்கப்பட்ட உண்மையான கோப்புறைகளும் கண்ணுக்குத் தெரியும். அவற்றைப் படியெடுத்துக்கொண்டு பென்டிரைவைத் துடைத்துவிட முடிந்தது. உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 ஏப்ரல் வரை, கேட்டவர்களுக்கெல்லாம் குறுவட்டுகளை அஞ்சலில் இலவசமாக அனுப்பிவைத்தது; அதிவேக இணையம் எட்டாத ஊர்களுக்கு அஞ்சற்காரர் வழியே ஓர் இயங்குதளம் வந்துசேர்ந்த காலம் அது. 2003 முதல் வெளியான ‘லினக்ஸ் ஃபார் யூ’ ஆங்கில மாத இதழின் இணைப்பு வட்டுகளும், தினமலர் நாளிதழின் ‘கம்ப்யூட்டர் மலர்’ இணைப்பும், ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இதழும் இக்காலத்துக் கணினிக் குறிப்புகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசேர்த்தன. எந்தக் கோப்பை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது, வட்டை எப்படிப் பிரிப்பது என்பன போன்ற நடைமுறை அறிவைத் தமிழில் தந்த அவ்வெழுத்துகளுக்குத் தமிழ்க் கணிமை வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

அரசு மட்டத்திலும் இதே காலத்தில் திருப்பம் நிகழ்ந்தது. இராமேசுவரம் கடற்கரையிலிருந்து குடியரசுத் தலைவர் பதவிக்குச் சென்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், 2003 மே மாதம் புணேயில் ஆற்றிய உரையில், இந்தியா போன்ற நாட்டில் திறமூல மென்பொருள்கள் பெரிய அளவில் பயன்பாட்டுக்கு வர வேண்டும் என்று வலியுறுத்தினார். திறமூலம் என்பது மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் திறந்துவைக்கும் முறை. 2005இல் சென்னையில் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கே.பி.சந்திரசேகர் ஆய்வு மையமும் இணைந்து கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அதன் பயனாக, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் என்னும் பாரத் இயங்குதளம் 2007 ஜனவரியில் வெளிவந்தது. ஏறத்தாழ அதே வேளையில், தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், அதன் மேலாண்மை இயக்குநராயிருந்த சி. உமாசங்கரின் முன்முயற்சியில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் மாற்றியதோடு, பள்ளிகளுக்கென ஏறத்தாழ 30,000 கணினிகளையும் லினக்ஸில் இயங்கும் வகையில் கொண்டுவரும் பணியில் இறங்கியது. ஆசியாவில் அன்று நடந்த குறிப்பிடத்தக்க இயங்குதள மாற்றங்களுள் ஒன்றாக இது எண்ணப்பட்டது. தீநிரல் தொல்லையிலிருந்து விடுபடுவதும், உரிமச் செலவைக் குறைப்பதும் இம்மாற்றத்துக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இரண்டும் நியாயமான காரணங்களே.

எனினும் அலுவலக மேசையில் அமர்ந்திருந்த தட்டச்சருக்கு முதல் சிக்கல் தீநிரலாலும் வரவில்லை, உரிமத்தாலும் வரவில்லை. அது எழுத்துருவால் வந்தது. யூனிகோடு எனப்படும் உலகப் பொதுக் குறியேற்றத்தில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்த போதிலும், அதைத் திரையில் சரியாகக் காட்டும் திறன் அன்றாடக் கணினிகளுக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் தமிழைக் கணினியில் ஏற்ற ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துரு முறையை வகுத்துக்கொண்டது. அரசு அலுவலகங்களில் வானவில் அவ்வையார், டி.டி.பி. கடைகளில் பாமினி, அச்சகங்களில் ஸ்ரீலிபி எனப் பல முறைகள் வேரூன்றின. இவற்றில் தட்டச்சிட்ட ஆவணம் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், வட்டில் சேமிக்கப்படுவது ரோமன் எழுத்துகளின் கோவையே. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அந்த எழுத்துரு இருக்கும்வரை அவை தமிழாகக் காட்சி தரும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறும்.

ஆகவே விண்டோஸில் பத்தாண்டுகளாகச் சேர்ந்த மனுக்களும் பட்டியல்களும் கடிதங்களும் லினக்ஸ் கணினியில் திறந்த முதல் நாளிலேயே படிக்க முடியாதவையாயின. எழுத்துருக் கோப்பை மட்டும் படியெடுத்து வைத்தால் பழையவற்றைப் படித்துவிடலாம்; ஆனால் அதே விசைப்பலகைப் பழக்கத்தில் புதிதாகத் தட்டச்சிட உதவும் இடைமென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டிருந்தது. சில அச்சக மென்பொருள்கள் கணினியின் பின்புறம் செருக வேண்டிய ‘டாங்கிள்’ என்னும் வன்பொருள் பூட்டு இல்லாமல் இயங்க மறுத்தன. அப்பூட்டுகளுக்கான இயக்கிநிரல்கள் லினக்ஸுக்கு எழுதப்படவே இல்லை. திருமண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவற்றைப் பேஜ்மேக்கரில் வடிவமைத்துவந்த கடைக்காரர், எக்ஸ்பியைக் கைவிடாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமல்ல. அவருடைய தொழிலின் ஒவ்வொரு எழுத்தும் அந்த இயங்குதளத்தோடு கட்டப்பட்டிருந்தது.

தமிழக அரசு இச்சிக்கலை அறியாமலும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தரமாக அறிவிக்கப்பட்டன. ஆனால் அவை பழைய தட்டச்சுப் பலகையையும் தனியார் எழுத்துருக்களையும் அலுவலகங்களிலிருந்து விலக்கிவிடவில்லை. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில்தான் யூனிகோடும், அதன் துணையாக டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றமும் அரசின் தரமாக ஆணையிடப்பட்டன. எல்காட் லினக்ஸை நோக்கி நகர்ந்தது 2007இல். எழுத்துக்கான தரம் முடிவானது 2010இல். வரிசை தலைகீழாக அமைந்துவிட்டது. எழுத்துத் தரத்தை முதலில் நிலைநிறுத்தி, பழைய ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றி முடித்த பின் இயங்குதளத்தை மாற்றியிருந்தால், தமிழக அலுவலகங்களில் லினக்ஸ் வேறொரு கதையாக இருந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். குறியேற்றச் சிக்கல் பாதுகாப்புச் சிக்கலும்கூட. எழுத்துருவுக்காகப் பழைய இயங்குதளத்தில் தங்கிவிட்ட ஒவ்வொரு கணினியும், பிழைதிருத்தம் நின்றுபோன பின்னும் இணையத்தில் திறந்து நின்ற ஒரு வாசல்.

இரண்டாவது பெரிய மாற்றம் மாணவர் வழியே வந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கெனத் தீட்டப்பட்டது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. கடலோரக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி இதுவே. இம்மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே வட்டின் இரு பிரிவுகளில் நிறுவப்பட்டிருந்தன. இதற்கு இரட்டைத் துவக்கம் என்று பெயர். மின்பொத்தானை அழுத்தியதும் இரண்டின் பெயர்களையும் தாங்கிய பட்டியல் திரையில் சில நொடிகள் தோன்றும். பயனர் ஒன்றைத் தெரிவு செய்யலாம், செய்யாவிட்டால் முன்பே குறித்துவைத்தது தானாகத் துவங்கும்.

பட்டியல் இருந்தது, அதில் இரண்டாவது பெயர் எதற்காக இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பள்ளிப் பாடமும் பக்கத்துக் கடையும் நண்பர்களும் பேசியது விண்டோஸ் மொழி. தீநிரல் தாக்கிக் கணினி மெதுவானால் கடைக்காரர் விண்டோஸை மறுபடி நிறுவிக் கொடுப்பார். நிறுவும்போது விண்டோஸ் வட்டின் முதற்பகுதியிலுள்ள துவக்கப் பதிவைத் தன்னுடையதாக மாற்றி எழுதிக்கொள்ளும். அத்துடன் தெரிவுப் பட்டியல் மறைந்துவிடும். பாஸ் லினக்ஸ் வட்டில் அப்படியே இருக்கும், அதை அடையும் வழி மட்டும் இருக்காது. லைவ் சிடி ஒன்றிலிருந்து துவக்கி, ‘கிரப்’ என்னும் துவக்க நிரலைத் திரும்ப எழுதினால் சில நிமிடங்களில் இது சரியாகிவிடும் என்பது தெரிந்திருந்தால், எத்தனையோ மாணவர்கள் தங்கள் கணினியின் பாதியை இழந்திருக்கமாட்டார்கள்.

அண்டை மாநிலமான கேரளம் இதே வேலையை வேறு விதமாகச் செய்தது. 2001இல் அங்கு உருவான ஐ.டி.அட்ஸ்கூல் திட்டம், அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தந்தது. பாடநூலையும் தேர்வையும் அந்த இயங்குதளத்தின் மீதே அமைத்தது. பள்ளிகளின் தேவைக்கேற்பத் தொகுத்த தனி லினக்ஸ் பதிப்பையும் தொடர்ந்து புதுப்பித்து வெளியிட்டுவந்தது. அங்கே மாற்றம் நிலைத்ததற்குக் காரணம் மென்பொருளின் மேன்மை அல்ல, அதைச் சுற்றி எழுப்பப்பட்ட இந்த ஏற்பாடே. தமிழகத்தில் அத்தகைய வேலையைச் சிறு அளவில் செய்தவர்கள் தன்னார்வலர்கள். 1998 முதல் சென்னையில் இயங்கும் இந்திய லினக்ஸ் பயனர் குழுவும், 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழும், அதில் எளிய தமிழில் லினக்ஸைப் பற்றி எழுதிய த. சீனிவாசன் முதலியோரும் ஓர் அரசுத் துறை செய்திருக்க வேண்டியதைத் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்தார்கள்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் நின்றன. அதன் பிறகும் அதைப் பயன்படுத்தியவர்களின் நிலையை 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை தீநிரல் உலகுக்குக் காட்டியது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அது முழு உண்மை அல்ல. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அந்தத் தீநிரலுக்கு இரையான கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7இல் இயங்கியவை. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியாகியிருந்தது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் சில ஊராட்சி அலுவலகக் கணினிகளும் இதில் சிக்கின. இயங்குதளத்தின் வயதைவிட, வெளியான திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் பழக்கமே முடிவைத் தீர்மானித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உவரிக்கு மிக அருகில் நேர்ந்த நிகழ்ச்சி 2019க்கு உரியது. உவரியிலிருந்து கரையோரமாகக் குமரியை நோக்கிச் சென்றால், கூத்தங்குழி, இடிந்தகரை ஆகிய மீனவ ஊர்களைத் தாண்டிக் கூடங்குளம் அணுமின் நிலையம் நிற்கிறது. அந்நிலையத்துடன் தொடர்புடைய வலையமைப்பு விவரங்கள் பொதிந்த தீநிரல் மாதிரி ஒன்று, ஐயத்துக்குரிய கோப்புகளைப் பலரும் பதிவேற்றிச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் என்னும் இணையச் சேவையில் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் கவனத்துக்கு வந்தது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் வந்த அறிக்கை, கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையமைப்புடன் இணைக்கப்படாதவை, எனவே தாக்குதலுக்கு வாய்ப்பில்லை என்றது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், தன் கணினியொன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்றும், செப்டம்பர் 4 அன்றே இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் இதைத் தெரிவித்திருந்தது என்றும், பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்துடன் இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினி என்றும், அது முக்கிய உள் வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் விளக்கம் தந்தது.

அந்தத் தீநிரலின் பெயர் டிடிராக். விண்டோஸ் கணினியில் புகுந்து, அழுத்தப்படும் விசைகளையும் உலாவியின் வரலாற்றையும் வலையமைப்பின் விவரங்களையும் வட்டிலுள்ள கோப்புகளின் பட்டியலையும் திரட்டி அனுப்பும் உளவுக் கருவி அது. காஸ்பர்ஸ்கி ஆய்வகம் இதனை லாசரஸ் என்னும் ஊடுருவல் குழுவுடன் தொடர்புபடுத்தியது. அணுமின் நிலையத்தைப் பற்றிய நியாயமான அச்சத்தோடு ஆண்டுக்கணக்கில் போராடிய ஒரு கடற்கரையில், முதல் நாள் மறுப்பும் மறுநாள் ஒப்புதலும் மக்களின் நம்பிக்கையைக் குலைத்தன. பாதுகாப்பில் உடனே உண்மையைச் சொல்வதும் ஒரு பகுதி. தொழில்நுட்ப நோக்கில் இந்நிகழ்ச்சி காட்டுவது வேறொன்று. இங்கே உலையின் கட்டுப்பாட்டைக் காத்தது எந்த இயங்குதளமும் அன்று. இணையத்தைத் தொடும் வலையமைப்பையும் தொடக்கூடாத வலையமைப்பையும் பிரித்துவைத்த ஏற்பாடு. வீட்டிலும் இ-சேவை மையத்திலும் இதே நெறி சிறு அளவில் பொருந்தும்: வங்கிக் கணக்கைத் திறக்கும் பயனர் கணக்கிலேயே பிள்ளைகள் விளையாட்டுகளை இறக்கி நிறுவ விடாமல் இருப்பது, வாடிக்கையாளரின் பென்டிரைவைச் செருகும் கணினியில் கையொப்பச் சான்றிதழை வைக்காமல் இருப்பது என்பன அதன் அன்றாட வடிவங்கள்.

லினக்ஸுக்கு மாறிவிட்டால் கவலையில்லை என்ற நம்பிக்கையையும் வரலாறு ஆதரிக்கவில்லை. 2014இல் ஹார்ட்பிளீட், ஷெல்ஷாக் என்னும் இரு பெரும் ஓட்டைகள் திறமூல மென்பொருள்களில்தான் வெளிப்பட்டன. 2024 மார்ச் 29 அன்று, ‘எக்ஸ்இசட்’ என்னும் கோப்புச் சுருக்கக் கருவிக்குள் திட்டமிட்டு ஒளித்துவைக்கப்பட்ட ஒரு பின்வாசலை, தொலைநுழைவு வழக்கத்தைவிடச் சற்றே தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் கண்டுபிடித்தார். மூல நிரல் திறந்திருந்ததால்தான் அதை அவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது என்பது திறமூலத்துக்குப் பெருமை. உலகம் முழுவதும் அது பரவிவிடாமல் காப்பாற்றியது ஒருவரின் கூர்ந்த கவனம் என்பது எச்சரிக்கை. உவரி உட்பட எல்லா ஊர்களிலும் மக்கள் கைக்கு வந்துவிட்ட ஆண்ட்ராய்டு கைபேசியும் லினக்ஸ் கருவின் மீது இயங்குவதே. அறிவிப்பும் விவாதமும் இன்றி நடந்துமுடிந்த மிகப் பெரிய இயங்குதள மாற்றம் அது. அதில் திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்பை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் மோசடிக்காரருக்கு நேராகப் போய்ச் சேரும். எக்ஸ்பி காலத்தில் நிர்வாகி கணக்கைத் திறந்துவைத்த அதே பழக்கம், கைபேசியில் கேட்ட அனுமதியையெல்லாம் கொடுக்கும் பழக்கமாகத் தொடர்கிறது.

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான இலவசத் திருத்தங்களும் நின்றுவிட்டன. தனிப் பயனர் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு நீட்டிப்பு கிடைக்கும். விண்டோஸ் 11க்கு வேண்டிய டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் 2011க்குப் பின் முதல் சில ஆண்டுகளில் வழங்கப்பட்ட அரசு மடிக்கணினிகளில் இல்லை. எனவே நல்ல நிலையில் உள்ள பழைய கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் மீண்டும் நடைமுறைத் தேவையாகிறது. 2023 ஆகஸ்டில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகமும் இணையத்துடன் இணைந்த தன் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா இயங்குதளத்தைப் புகுத்த முடிவெடுத்ததாகச் செய்திகள் வந்தன. இன்று மாறுபவருக்கு 2007இல் இல்லாத வசதிகள் பல உள்ளன. யூனிகோடு எங்கும் வேலை செய்கிறது. தமிழ்99, பழைய தட்டச்சுமுறை இரண்டும் லினக்ஸிலேயே கிடைக்கின்றன. நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே இயக்கி, அச்சுப்பொறியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். இறக்கிய கோப்பு வழியில் சிதையாமலும் மாற்றப்படாமலும் வந்ததா என்பதை, வெளியீட்டாளர் தம் தளத்தில் தரும் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டு அறியலாம். மென்பொருளை முன்பின் தெரியாத தளங்களில் தேடாமல், இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்து மட்டும் நிறுவுவதும், அன்றாடக் கணக்கில் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எதற்காகக் கேட்கப்படுகிறது என்று படித்துவிட்டுக் கொடுப்பதும், வாரந்தோறும் புதுப்பிப்பை ஏற்பதும் பழகிவிட்டால், பெரும்பாலான தொல்லைகள் அணுகமாட்டா.

இவை அனைத்துக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வானவிலிலும் பாமினியிலும் தட்டச்சிட்ட சங்கக் கணக்குகள், ஆலயப் பதிவேடுகள், ஊர்க் கூட்டத் தீர்மானங்கள், குடும்பக் கடிதங்கள் இன்னும் பல பழைய கணினிகளின் வட்டுகளில் கிடக்கின்றன. வட்டை அழித்துப் புதிய இயங்குதளத்தை நிறுவும் நாளில் அவையும் அழிந்துபோகும், எழுத்துரு தொலைந்தால் எஞ்சியவையும் படிக்க முடியாதவையாகும். அத்தகைய கணினியை வைத்திருப்பவர்கள் அதை மாற்றுவதற்கு முன், இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு அவ்வாவணங்களை யூனிகோடாக்கி, வெவ்வேறு இடங்களில் இரண்டு படிகளாவது எடுத்துவைக்க வேண்டும்; அரசு அடுத்து வழங்கும் மடிக்கணினிகளோடு இதைச் செய்துகாட்டும் தமிழ்க் கையேடு ஒன்றையும், அதைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் ஒவ்வொரு பள்ளிக்கும் தர வேண்டும்.